உறைபனி தாங்கும் கோதுமை ரகத்தை உருவாக்குவது எப்படி: பெற்றோர் தேர்விலிருந்து வயல் சோதனை வரை

சிங்கப்பூரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 19 டிகிரி செல்சியஸ். அதுவும் 1989 பிப்ரவரியில். இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு உறைபனியைப் பற்றி எழுதக் காரணம் நம் உணவுத் தட்டுதான். தேக்காவில் காலையில் வீசும் பரோட்டா, மாலையில் வாங்கும் ரொட்டி, மீ கோரெங்கின் மஞ்சள் மீ எல்லாமே கப்பலில் வந்த கோதுமையிலிருந்து பிறக்கின்றன. அதில் ஒரு முக்கியப் பங்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறது. அங்கே பூக்கும் பருவத்தில் ஒரே ஓர் இரவு பனி உறைந்தால் செழித்து நிற்கும் வயல் வெறும் வைக்கோலாகிவிடும். 2016 செப்டம்பரில் மேற்கு ஆஸ்திரேலிய விவசாயிகள் இதைப் பெரிய அளவில் அனுபவித்தார்கள்.

தொடக்கக் கல்லூரியிலோ பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ உயிரியல் படித்துவிட்டு, பயிர் மரபியலைத் தொழிலாக எடுக்கலாமா என்று யோசிக்கும் தமிழ் மாணவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். இந்த வேலையின் பெரும்பகுதியை ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே செய்யலாம். வயல் மட்டும் வேறு நாட்டில் இருக்க வேண்டும்.

முதல் படி: எந்த உறைபனி என்று முடிவு செய்யுங்கள்

இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தாண்டிச் செல்லும் படி இது. இதைத் தாண்டினால் பின்னால் வரும் பத்து ஆண்டு உழைப்பும் திசை மாறிப் போகும்.

கோதுமைக்கு உறைபனி இரண்டு வேளைகளில் எமனாக வருகிறது. உக்ரைன், ரஷ்யா, அமெரிக்காவின் கான்சஸ், கனடாவின் சஸ்காச்சுவான் போன்ற இடங்களில் குளிர்காலக் கோதுமையை இலையுதிர் காலத்தில் விதைப்பார்கள். நாற்று சிறியதாக இருக்கும்போதே கடுங்குளிர் வந்துவிடும். இலைகள் கருகினாலும் பரவாயில்லை. மண்ணுக்குச் சற்றுக் கீழே, தூர் கட்டும் அடிப்பகுதி உயிரோடு இருந்தால் வசந்தத்தில் பயிர் மறுபடி துளிர்க்கும். இந்தப் பகுதியைத் தூரடி என்று அழைப்போம். இங்கே சோதனை மாதக்கணக்கில் நீளும். ஆனால் செடிக்குத் தயாராக அவகாசமும் கிடைக்கும்.

ஆஸ்திரேலியாவின் கதை வேறு. அங்கே ஏப்ரலிலிருந்து ஜூன் வரை விதைத்த பயிர் ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் கதிர்விட்டுப் பூக்கும். மேகமில்லாத, காற்றில்லாத, ஈரப்பதம் குறைந்த இரவில் நிலமும் பயிரும் தங்கள் வெப்பத்தை வானுக்கு இழந்துவிடும். வானிலை நிலையத்தின் பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானி 2 டிகிரி காட்டும்போதே கதிரின் உயரத்தில் பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கலாம். காலையில் பார்த்தால் வயல் பச்சையாகவே நிற்கும். சேதம் தெரியச் சில நாட்கள் ஆகும். சிறுபூவைப் பிரித்துப் பார்த்தால் மகரந்தப்பைகள் வெளிறிச் சுருங்கிக் கிடக்கும். அந்தப் பூவில் மணி பிடிக்காது.

முதல் வகைக்கு உதவும் மரபணுக்கள் இரண்டாம் வகைக்குப் பெரும்பாலும் உதவுவதில்லை. ஆகவே "உறைபனி தாங்கும் கோதுமை" என்று பொதுவாக இலக்கு வைக்காதீர்கள். எந்த நாடு, எந்த மாதம், செடியின் எந்தப் பருவம் என்று ஒரே வாக்கியத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொரு பிரிவினையும் இங்கேயே தெளிவாக வேண்டும். தாங்குவது வேறு, தப்புவது வேறு. கனடாவில் சார்லஸ் சாண்டர்ஸ் தேர்ந்தெடுத்த மார்க்கிஸ் ரகம் இதற்கு நல்ல சான்று. ரெட் ஃபைஃப் என்ற ரகத்தோடு இந்தியாவிலிருந்து போன ஹார்ட் ரெட் கல்கத்தா என்ற கோதுமையைக் கலந்து பிறந்தது அது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கனடியச் சமவெளியைக் கோதுமைக் களஞ்சியமாக்கியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அது குளிரைத் தாங்கி வெல்லவில்லை. ரெட் ஃபைஃபைவிட முன்னதாக முற்றியதால், பருவ முடிவில் வரும் உறைபனிக்கு முன்பே அறுவடைக்கு வந்துவிட்டது. தப்பிக்கும் ரகமும் விவசாயிக்கு வரம்தான். ஆனால் தப்பித்ததைத் தாங்கியது என்று நம்பி அதையே பெற்றோராக எடுத்தால், அடுத்த தலைமுறையில் உங்களுக்குக் கிடைப்பது முன்கூட்டியே பூக்கும் பண்பு மட்டுமே. இந்தக் குழப்பத்தை நீக்குவதுதான் உறைபனி மரபியலில் பாதி வேலை என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாம் படி: மரபணுக்களை அறிந்துகொள்ளுங்கள்

ரொட்டிக் கோதுமை ஓர் அறுமடியம். மூன்று புல்லினங்களிலிருந்து வந்த ஏ, பி, டி என்ற மூன்று தொகுதிகள் சேர்ந்து மொத்தம் 42 குரோமோசோம்கள். மரபணுத்தொகையின் அளவு மனிதனுடையதைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல். 'சைனீஸ் ஸ்பிரிங்' என்ற ரகத்தை வைத்துப் பன்னாட்டுக் கூட்டமைப்பு ஒன்று அதன் முழு டிஎன்ஏ வரிசையை 2018இல் வெளியிட்டது. நம்பகமாக அடையாளம் காணப்பட்ட மரபணுக்கள் மட்டும் 1,07,891. எந்த முக்கிய மரபணுவுக்கும் பொதுவாக மூன்று பிரதிகள் இருக்கும் என்பதை எப்போதும் நினைவில் வையுங்கள்.

குளிர்காலத் தாங்குதிறனில் 5ஏ, 5பி, 5டி என்ற ஐந்தாம் எண் குரோமோசோம்களின் நீண்ட கைதான் நாயகன். குறிப்பாக 5ஏ. கடுங்குளிரைத் தாங்கும் ஷையன் ரகத்தின் 5ஏ குரோமோசோமை மட்டும் சைனீஸ் ஸ்பிரிங்கில் மாற்றி வைத்தபோதே அதன் தாங்குதிறன் தெளிவாக உயர்ந்தது. அந்தக் கையில் இரண்டு இடங்கள் முக்கியமானவை.

ஒன்று விஆர்என்-1. செடி பூக்கும் பாதைக்குத் திரும்புவதற்கான சாவி இது. குளிர்காலக் கோதுமையில் இந்த மரபணு உறங்கிக் கிடக்கும். பல வாரங்கள் குளிர் பட்ட பிறகே விழிக்கும். இதைத்தான் பாடநூல்கள் தட்பப்பதனம் என்கின்றன. வசந்தகாலக் கோதுமையில் இந்த மரபணுவின் முன்பகுதியிலோ முதல் இன்ட்ரானிலோ (புரதமாக மாறாத இடைப்பகுதி) ஏற்பட்ட மாற்றத்தால் அது தொடக்கத்திலிருந்தே விழித்திருக்கும். குளிர்காலக் கோதுமையைச் சிங்கப்பூரில் திறந்த வெளியில் விதைத்தால் புல்லாகவே வளர்ந்துகொண்டிருக்கும். நம் குளிர் அதற்குக் குளிரே இல்லை.

மற்றொன்று எஃப்ஆர்-2. இங்கே சிபிஎஃப் என்ற மரபணுக்கள் கொத்தாக வரிசையில் நிற்கின்றன. வெப்பநிலை இறங்கிய சில மணி நேரத்தில் இவை செயல்பட்டு, குளிர்ப் பாதுகாப்பு மரபணுக்களின் பெரிய படையையே எழுப்புகின்றன. பனி முதலில் செல்களுக்கு வெளியே உள்ள இடைவெளியில்தான் உறைகிறது. உறைந்த பனி செல்லுக்குள்ளிருந்து நீரை வெளியே இழுக்கிறது. ஆகவே உறைபனிச் சேதம் பெரும்பாலும் நீரிழப்புச் சேதமே. சிபிஎஃப் எழுப்பும் படையில் இருக்கும் டீஹைட்ரின் புரதங்களும், குளிருக்குப் பழகும்போது செல்லில் சேரும் சர்க்கரைகளும் அந்த நீரிழப்பிலிருந்து சவ்வுகளைக் காக்கின்றன. எஃப்ஆர்-ஏ2 இடத்தில், அதாவது 5ஏயில் உள்ள எஃப்ஆர்-2இல், சில சிபிஎஃப் மரபணுக்களின் பிரதிகள் ரகத்துக்கு ரகம் எண்ணிக்கையில் வேறுபடும். குறிப்பாகச் சிபிஎஃப்-ஏ14இன் பிரதிகள் அதிகமுள்ள குளிர்காலக் கோதுமைகள் பொதுவாக அதிகக் குளிரைத் தாங்குகின்றன.

இந்த இரண்டு இடங்களும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. விஆர்என்-1 விழித்தவுடன் சிபிஎஃப் அடங்கத் தொடங்குகிறது. பூக்கத் தயாரான செடி குளிருக்கான கவசத்தைக் களைந்துவிடுகிறது என்று பொருள். இரண்டாம் எண் குரோமோசோம்களில் உள்ள பிபிடி-1 மரபணு பகலின் நீளத்தைக் கணக்கிடுகிறது. பகல் நீளும்வரை காத்திருக்கும் வடிவம் இருந்தால் செடி பூப்பதைத் தள்ளிப்போட்டு, கவசத்தை இன்னும் சில வாரம் வைத்திருக்கும்.

பூக்கும் பருவத் தாங்குதிறனுக்கு இவ்வளவு தெளிவான பெரிய மரபணு கோதுமையில் பிடிபடவில்லை. பார்லியில் 2எச், 5எச் குரோமோசோம்களில் அத்தகைய இடங்கள் அறியப்பட்டுள்ளன. கோதுமையில் சிறு விளைவுள்ள பல மரபணுக்களைச் சேர்த்தே முன்னேற வேண்டும்.

மூன்றாம் படி: பெற்றோரைத் தேர்ந்தெடுங்கள்

ஒரு பெற்றோர், இலக்கு நாட்டில் விவசாயிகள் ஏற்கெனவே விரும்பிப் பயிரிடும் ரகமாக இருக்கட்டும். விளைச்சல், மாவுத் தரம், நோய் எதிர்ப்பு எல்லாம் அதில் இருக்கும். மற்றவர் தாங்குதிறன் தருபவர். குளிர்கால இலக்கு என்றால் கனடாவின் நார்ஸ்டார் உலகமே அறிந்த கொடையாளி. நன்றாகக் குளிருக்குப் பழகிய நார்ஸ்டார் செடிகளில் பாதி, ஏறத்தாழ மைனஸ் 24 டிகிரி வரை உயிர் பிழைக்கும். கோதுமையின் உறவான ரை தானியம் அதைவிடவும் தாங்கும் என்றாலும், அதிலிருந்து பண்பைக் கோதுமைக்குக் கொண்டுவருவது நீண்ட வேலை.

பூக்கும் பருவ இலக்கு என்றால் பழைய நாட்டு ரகங்களைத் தேடுங்கள். ஆஸ்திரேலியாவின் ஹார்ஷாமில் உள்ள தானிய மரபணு வங்கி, இங்கிலாந்தின் நாரிச்சில் ஜான் இன்னஸ் மையம் காத்துவரும் வாட்கின்ஸ் தொகுப்பு, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வவிலோவ் பெயரால் விளங்கும் நிலையம், மெக்சிகோவில் உள்ள சிமிட் என்ற கோதுமை, மக்காச்சோள ஆய்வு மையம் ஆகியவை முதலில் பார்க்க வேண்டிய இடங்கள். விதையைச் சிங்கப்பூருக்கு வரவழைப்பதற்கு முன் தேசியப் பூங்காக் கழகத்தின் தாவர இறக்குமதி விதிகளைப் படித்துவிடுங்கள். திரும்ப ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புவது இன்னும் கடினம். அங்கே தனிமைப்படுத்தி வளர்த்துப் பார்த்த பிறகே வயலுக்கு விடுவார்கள். அந்தக் காலத்தைத் திட்டத்தில் முன்பே சேர்த்துக்கொள்ளுங்கள்.

காட்டு உறவினங்களிடம் போவதற்குத் தயங்க வேண்டாம். கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதனைக் கோதுமைப் புரட்சியோடு சேர்த்துத்தான் நமக்குத் தெரியும். ஆனால் அதற்கு முன், 1950களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அவர் உருளைக்கிழங்கைக் காட்டு இனங்களோடு கலந்து உறைபனி தாங்கும் பண்பைத் தேடிக்கொண்டிருந்தார். பின்னாளில் வந்த அலாஸ்கா ஃபிராஸ்ட்லெஸ் என்ற ரகத்தின் வேர் அந்த வேலையில் இருக்கிறது. வெப்ப மண்டலத்து மனிதர் பனிக்குப் பயிர் செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

நான்காம் படி: கலப்பு செய்யுங்கள்

கொடையாளி குளிர்கால வகை என்றால், முளைத்த விதையை 4 டிகிரியில் ஆறிலிருந்து எட்டு வாரம் வைத்த பிறகே வளர்ப்பறைக்கு மாற்ற வேண்டும். வசந்தகாலப் பெற்றோரை அதற்கேற்பத் தாமதித்து, சில நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தொகுதிகளாக விதையுங்கள். இரண்டும் ஒரே வாரத்தில் பூக்காவிட்டால் கலப்பே இல்லை.

கோதுமை தன் பூவுக்குள்ளேயே கருவுறும் பயிர். எனவே தாய்ச் செடியின் கதிர் இலையுறையிலிருந்து வெளிப்படும்போதே, மகரந்தப்பைகள் இன்னும் பச்சையாக இருக்கும்போதே, ஆண்மை நீக்கம் செய்துவிட வேண்டும். கதிரின் உச்சியிலும் அடியிலும் உள்ள சிறுகதிர்களைக் கிள்ளி எறியுங்கள். அவற்றில் நல்ல மணி பிடிப்பதில்லை. நடுவில் எஞ்சியவற்றில் ஒவ்வொரு சிறுகதிரின் மையப் பூக்களையும் இடுக்கியால் பிடுங்கிவிட்டு, ஓரத்து இரண்டு பூக்களை மட்டும் விடுங்கள். அவற்றின் உமியின் மேல் மூன்றில் ஒரு பங்கைச் சிறு கத்தரிக்கோலால் வெட்டினால் உள்ளே மூன்று மகரந்தப்பைகள் தெரியும். சூல்முடியின் இறகைத் தொடாமல் மூன்றையும் எடுங்கள். ஒரு பை கைதவறி உடைந்தாலும் அந்தப் பூவையே நீக்கிவிட்டு, இடுக்கியை ஆல்கஹாலில் நனைத்துத் துடையுங்கள். பிறகு காகித உறை மாட்டி, தேதியும் பெற்றோர் பெயரும் பென்சிலால் எழுதுங்கள். வளர்ப்பறை ஈரத்தில் பேனா மை பரவிவிடும்.

இரண்டு நாளிலிருந்து நான்கு நாளுக்குள் சூல்முடி இறகுபோல் விரியும். அப்போது தந்தைச் செடியிலிருந்து மஞ்சளாகி வெடிக்கத் தயாரான கதிரை எடுத்து, உறையின் வாய் வழியே தலைகீழாக விட்டுச் சுழற்றுங்கள். கலப்பு விதை சுருங்கி, அழகில்லாமல் இருக்கும்; கவலைப்படாதீர்கள், முளைக்கும்.

ஐந்தாம் படி: தலைமுறைகளைக் கடத்துங்கள்

எந்த வழியில் தூய வரிசைக்கு, அதாவது விதைத்தால் தன்னைப்போலவே பிறக்கும் செடிக்குலத்துக்கு, போவது என்பதை எண்கள் சொல்லும். மூன்று இடங்களில் விரும்பிய வடிவம் நிலைபெற்ற செடி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் தலைமுறையில் அது 64இல் ஒன்று. நூற்றுக்கு 95 வாய்ப்போடு ஒரு செடியாவது கிடைக்க ஏறத்தாழ 190 செடிகளைச் சோதிக்க வேண்டும். ஒற்றைமடியத்தை இரட்டிப்பாக்கும் முறையில் அதுவே எட்டில் ஒன்று. 23 செடிகள் போதும்.

அந்த முறையில் முதல் தலைமுறைச் செடியின் பூவுக்கு மக்காச்சோள மகரந்தத்தைத் தருவார்கள். கரு உருவாகும்; ஆனால் மக்காச்சோளத்தின் குரோமோசோம்கள் செல் பிரியும்போது ஒவ்வொன்றாகத் தொலைந்துபோகும். கோதுமையின் 21 மட்டும் எஞ்சும். அந்தக் கருவை எடுத்து ஊட்டக் கூழில் வளர்த்து, கால்சிசின் கொடுத்து 42 ஆக்குவார்கள். கால்சிசின் நஞ்சு, கையுறையின்றித் தொடக்கூடாது.

திசு வளர்ப்பு வசதி இல்லாத ஆய்வுக்கூடங்களுக்கு விரைவு வளர்ப்பு முறை இருக்கிறது. ஒரு நாளில் 22 மணி நேரம் ஒளி தந்து வளர்த்தால் வசந்தகாலக் கோதுமையில் ஓராண்டில் ஆறு தலைமுறை வரை எடுக்கலாம் என்று 2018இல் ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். சிங்கப்பூர் போன்ற இடநெருக்கடியுள்ள ஊருக்கு இது மிகவும் பொருத்தம். குளிர்கால வகைகளுக்குத் தட்பப்பதனம் தேவை என்பதால் இந்த வேகம் கிடைக்காது.

ஏற்கெனவே நல்ல ரகத்தில் ஒரே ஒரு பண்பை மட்டும் சேர்ப்பதென்றால், பிறந்த கலப்பை அந்த நல்ல ரகத்தோடேயே மறுபடி மறுபடி கலக்கும் பின்கலப்பே போதும். ஒவ்வொரு பின்கலப்பிலும் கொடையாளியின் பங்கு பாதியாகும். மூன்று முறைக்குப் பிறகு நல்ல ரகத்தின் பங்கு சராசரியாக 93.75 விழுக்காடு. தெமாசெக் உயிர் அறிவியல் ஆய்வுக்கூடத்தில் உருவான தெமாசெக் அரிசி, மார்க்கரும் (விரும்பிய மரபணு வடிவத்தைக் காட்டிக்கொடுக்கும் டிஎன்ஏ அடையாளம்) பின்கலப்பும் சேர்ந்த இந்த வழியில் வந்ததுதான். அதைச் செய்தவர்களுக்கு எஃப்ஆர்-ஏ2ஐ நகர்த்துவது புதிய வித்தை அல்ல.

ஆறாம் படி: மார்க்கர் கொண்டு வடிகட்டுங்கள்

நாற்றின் இலையில் சிறு துண்டு எடுத்து டிஎன்ஏ பிரித்து, காஸ்ப் வகை மார்க்கர்களால் விஆர்என்-1, எஃப்ஆர்-ஏ2, பிபிடி-1 மூன்றையும் பாருங்கள். மூன்று தொகுதிகளில் சரியான ஒன்றை மட்டும் பிடிக்கும் பிரைமரை (டிஎன்ஏவின் குறித்த இடத்தில் ஒட்டும் சிறு துண்டு) வடிவமைக்க பாலிமார்க்கர் என்ற இலவசக் கருவி உதவும். 5ஏயில் விஆர்என்-1க்கும் எஃப்ஆர்-ஏ2க்கும் இடையே ஏறத்தாழ 30 சென்டிமார்கன் (இரண்டு இடங்கள் எவ்வளவு அடிக்கடி பிரிகின்றன என்பதை அளக்கும் அலகு) தூரம் உண்டு. ஆகவே ஒன்றை விட்டு மற்றொன்றைப் பிரித்தெடுத்த செடிகள் நிச்சயம் கிடைக்கும். அவற்றைப் பத்திரப்படுத்துங்கள்; எந்த இடம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அவைதான் காட்டும்.

பூக்கும் பருவத் தாங்குதிறனுக்கு ஒற்றை மார்க்கரை நம்பாதீர்கள். மரபணுத்தொகை முழுவதிலும் ஆயிரக்கணக்கான மார்க்கர்களை எடுத்து, வயல் தரவோடு சேர்த்து, ஒவ்வொரு வரிசையின் மதிப்பையும் கணித்துத் தேர்வு செய்யும் முறையே ஏற்றது. மரபணுத் திருத்தம் பற்றி மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ஒன்றுபோலவே இருக்கும் சிபிஎஃப் பிரதிகள் கொத்தாக நிற்கும் இடத்தில் குறிப்பிட்ட ஒன்றைத் திருத்துவது எளிதல்ல. தவிர, இங்கே பெரும்பாலும் தேவைப்படுவது பிரதிகளைக் கூட்டுவது. திருத்தக் கருவிகள் வெட்டி முடக்குவதில்தான் வல்லவை.

ஏழாம் படி: உறைய வைத்துப் பாருங்கள்

நாற்றுகளை மூன்று இலைப் பருவத்தில் 3 அல்லது 4 டிகிரியில் மூன்று நான்கு வாரம் பழக்குங்கள். பழக்காமல் உறைய வைத்தால் நார்ஸ்டாரும் சாகும். பிறகு வேரையும் இலையையும் வெட்டி, சில சென்டிமீட்டர் தூரடியை மட்டும் ஈர மணல் நிரப்பிய சிறு உலோகக் கிண்ணத்தில் புதையுங்கள். மணலில் கொஞ்சம் பனித்துகள் தூவுங்கள். இதை விடவே கூடாது. தூய நீர் பூஜ்யத்துக்குக் கீழேயும் உறையாமல் இருக்க வல்லது. பனித்துகள் இல்லாவிட்டால் சில கிண்ணங்கள் உறையும், சில உறையாது. உறையாத கிண்ணத்தில் பிழைத்த செடியை வீரன் என்று நினைத்துவிடுவீர்கள்.

கிண்ணங்களை உறைபெட்டியில் மைனஸ் 3 டிகிரியில் ஓர் இரவு நிறுத்தி, பின் மணிக்கு 2 டிகிரி வீதம் இறக்குங்கள். குறித்த ஒவ்வொரு வெப்பநிலையிலும் ஒரு தொகுதிக் கிண்ணங்களை வெளியே எடுத்து, 4 டிகிரியில் இரவு முழுதும் மெல்ல உருக விடுங்கள். பின்னர் நட்டு, மூன்று வாரம் கழித்துப் புது வேரும் இலையும் விட்டவற்றை எண்ணுங்கள். பாதிச் செடிகள் இறக்கும் வெப்பநிலையை வளைகோட்டிலிருந்து கணக்கிடலாம். இதை எல்டி50 என்பார்கள். ஒவ்வொரு முறையும் நார்ஸ்டாரையும் தாங்காத ஒரு வசந்தகால ரகத்தையும் கூடவே வையுங்கள். உறைபெட்டியின் மூலைகளுக்கு இடையே ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தாலும் முடிவு தலைகீழாகும், ஆகவே கிண்ணங்களின் இடத்தைக் குலுக்கல் முறையில் மாற்றிக்கொண்டே இருங்கள்.

பூக்கும் பருவத்துக்கு இந்தப் பெட்டியை அதிகம் நம்ப முடியாது. வயலில் பயிர் மேல்நோக்கி வெப்பத்தை இழந்து குளிர்கிறது. பெட்டியிலோ சுற்றியுள்ள காற்று அதைக் குளிர்விக்கிறது. பனி எங்கே முதலில் உறைகிறது என்பதே மாறிவிடுகிறது.

எட்டாம் படி: வயலுக்குப் போங்கள்

இங்கேதான் வெளிநாட்டுக் கூட்டாளி தேவை. உறைபனி அடிக்கடி இறங்கும் தாழ்வான நிலத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரே வரிசையை ஒன்றிரண்டு வார இடைவெளியில் பல தேதிகளில் விதையுங்கள். எந்த இரவு பனி விழுந்தாலும் எல்லா வரிசைகளிலும் பூக்கும் நிலையில் சில செடிகளாவது இருக்க வேண்டும் என்பதே நோக்கம். வெப்பநிலைப் பதிவுக் கருவியைக் கதிரின் உயரத்திலேயே கட்டுங்கள்.

பனி விழுந்த மறுநாள், அன்று சரியாகப் பூத்துக்கொண்டிருந்த கதிர்களுக்கு மட்டும் வண்ண நாடா கட்டுங்கள். தானியப் பயிரின் வளர்ச்சிப் பருவங்களை எண்ணால் குறிக்கும் ஜேடாக்ஸ் அளவுகோலில் 65ஆம் நிலை என்று குறிப்பிடும் பருவம் அது. மணி முற்றத் தொடங்கும்போது அந்தக் கதிர்களின் ஓரப் பூக்களில் எத்தனை மலடாகின என்று எண்ணுங்கள். நாடா கட்டிய கதிர்களை மட்டும் ஒப்பிட்டால், முந்திப் பூத்துத் தப்பியவை பட்டியலிலிருந்து தாமாகவே விலகிவிடும். பனி விழாத நிலத்திலும் அதே வரிசைகளைப் பயிரிட்டு மலட்டுத்தன்மையை எண்ணுங்கள். வறட்சியாலும் வெப்பத்தாலும் பூ மலடாவதுண்டு. ஓராண்டின் முடிவை வைத்து எந்த ரகத்தையும் உயர்த்தவோ தள்ளவோ வேண்டாம். மூன்று பருவமாவது பல இடங்களில் பார்க்க வேண்டும்.

தேறிய வரிசைகளின் விளைச்சலைப் பனியில்லாத ஆண்டிலும் சரிபாருங்கள். பனி வரும் ஆண்டுகளைவிட வராத ஆண்டுகள் அதிகம் இருக்கும் இடத்தில், ஒவ்வோர் ஆண்டும் குறைவாக விளையும் ரகத்தை எந்த விவசாயியும் வாங்க மாட்டார். மாவு ஆலைச் சோதனையை இறுதிவரை தள்ளிப்போடாமல், கையளவு விதை கிடைத்தவுடனேயே புரத அளவையும் பசையத்தின் வலிமையையும் பார்த்துவிடுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து இன்றைக்கே தொடங்க நினைப்பவர் என்செம்பிள் பிளாண்ட்ஸ் என்ற மரபணுத் தரவு இணையதளத்தில் கோதுமையின் 5ஏ குரோமோசோமைத் திறந்து, விஆர்என்-1 இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து சிபிஎஃப் கொத்துவரை மரபணுக்களை ஒவ்வொன்றாகப் பார்த்துச் செல்லலாம். கட்டணம் இல்லை. அடுத்து அதே கொத்தை 5பி, 5டி குரோமோசோம்களிலும் தேடி, மூன்றையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள்.